முதிய ப்ளூஸ் கலைஞருக்காகப் பேசுவது எப்படி? கடுமையான விமர்சனத்துக்கு ரசிகர் எழுதும் மறுப்பு

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை ப்ளூஸ். எண்பது வயதைத் தாண்டிய ஒரு ப்ளூஸ் கலைஞர் நேற்று இரவு மேடையேறினார். இன்று காலை வந்த விமர்சனம் அவருடைய குரல் போய்விட்டது என்கிறது, விரல்கள் ஓடவில்லை என்கிறது, பாட்டைவிடப் பேச்சு அதிகம் என்கிறது, இனி வீட்டில் ஓய்வெடுப்பதே அவருடைய பெயருக்கு நல்லது என்ற அறிவுரையோடு முடிகிறது. பல ஆண்டுகளாக அவருடைய இசைத்தட்டுகளோடு வாழ்ந்த ரசிகருக்கு அதைப் படித்ததும் வயிறு எரிகிறது. உடனே பதில் எழுதாவிட்டால் தூக்கம் வராது என்று தோன்றுகிறது. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அதன் சூட்டிலேயே எழுதப்படும் மறுப்பு பெரும்பாலும் கலைஞருக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. "ரசிகர்கள் அப்படித்தான் பேசுவார்கள்" என்று ஒதுக்கிவிட எல்லோருக்கும் அது வசதியாகப் போய்விடுகிறது. மறுப்பு நிற்க வேண்டுமானால், அதை எழுதுகிறவர் அந்த இரவின் இசையை விமர்சகரைவிடக் கூர்ந்து கேட்டிருக்க வேண்டும். கேட்டதை அவரைவிடத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் மிகவும் மதிக்கும் ஒரு முதிய கிட்டார் கலைஞரைப் பற்றிக் கடுமையான விமர்சனம் ஒன்று வந்தபோது, இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். அவர் வாங்கிய விருதுகள், அவரைக் கேட்டு வளர்ந்த புகழ்பெற்ற கலைஞர்கள், இளமையில் அவர் பட்ட வறுமை என்று எல்லாவற்றையும் அடுக்கினேன். அனுப்புவதற்கு முன் ஒரு நண்பரிடம் காட்டினேன். அவர் அந்தக் கச்சேரியை நேரில் கேட்டவர். முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "இதிலே அந்தக் கச்சேரி எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பக்கத்திலும் அந்த இரவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் அங்கே போகவே இல்லை.

ஆகவே முதல் விதி இதுதான்: நீங்கள் அரங்கில் இல்லை என்றால், அந்த இரவு எப்படி இருந்தது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். விமர்சனத்தில் உள்ள தவறான தகவலைத் திருத்தலாம், அதன் அளவுகோலைக் கேள்வி கேட்கலாம், அதன் தொனியை எதிர்க்கலாம். இவற்றைச் செய்யும்போதும், தாம் நேரில் கேட்கவில்லை என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது. அரங்கில் இருந்தவராக இருந்தால், விமர்சனத்தை இரண்டாம் முறை படிப்பதற்கு முன்பே, உங்கள் நினைவில் இருப்பதைத் தாளில் எழுதிவிடுங்கள். எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், எந்தப் பாட்டு முதலில் வந்தது, எந்த இடத்தில் கூட்டம் அமைதியானது, எந்த இடத்தில் உங்களுக்கே சங்கடமாக இருந்தது என்பதையெல்லாம் எழுதுங்கள். விமர்சனத்தை மறுபடியும் மறுபடியும் படித்தபின் எழுதினால், உங்கள் நினைவுக்குள் விமர்சகரின் சொற்கள் புகுந்துவிடும்.

விமர்சனத்தைப் பிரித்துப் படியுங்கள்

கடுமையான விமர்சனத்தில் மூன்று வகை வாக்கியங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். நடந்ததைச் சொல்பவை ஒரு வகை, நடந்ததை எடைபோடுபவை இன்னொரு வகை, வெறும் ஏச்சு மூன்றாவது வகை. இவற்றைப் பிரிக்காமல் மொத்தமாகச் சினந்தால் மூன்றுக்கும் ஒரே பதில் சொல்ல நேரும்; அந்தப் பதில் எதற்கும் பொருந்தாது. எடுத்துக்காட்டுக்காக நானே சில வரிகளை அமைக்கிறேன்: "தொண்ணூறு நிமிடக் கச்சேரியில் ஒன்பது பாடல்களே வந்தன. நாற்காலியை விட்டு எழாத அவர், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பழங்கதை பேசினார். ஒரு காலத்தில் தந்திகளின் மேல் பறந்த விரல்கள் இப்போது ஒவ்வொரு சுரமாகத் தடவித் தேடுகின்றன. துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்ததுபோல் இருந்தது."

ஒன்பது பாடல்கள் என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய செய்தி. சரியென்றால் ஒப்புக்கொள்ளுங்கள், தவறென்றால் திருத்துங்கள், அத்துடன் விட்டுவிடுங்கள். நாற்காலியும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உட்கார்ந்து வாசித்ததால் இசையில் என்ன குறைந்தது என்று விமர்சகர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கடைசி வரி ஏச்சு. அதைத் தொடவே வேண்டாம், தொட்டால் அதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். உண்மையில் உங்களுக்கு வேலை வைப்பது மூன்றாவது வரி. "ஒரு காலத்தில் பறந்த விரல்கள்" என்பது அந்த இரவைப் பற்றிய கூற்று என்பதோடு, கலைஞரின் கடந்த காலத்தைப் பற்றிய கூற்றும்கூட. கடந்த காலத்துக்கு ஒலிப்பதிவுகள் சாட்சியாக இருக்கின்றன. அந்த விரல்கள் எப்போதாவது பறந்தனவா, அல்லது அவர் தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு சுரமாக வைத்து வாசித்தவரா என்பதைக் கேட்டே முடிவுசெய்யலாம். விமர்சகர்கள் அடிக்கடி இடறி விழும் இடம் இதுதான்: கலைஞரின் பாணியையே அவருடைய தளர்ச்சி என்று எண்ணிவிடுகிறார்கள்.

ப்ளூஸ் எதைக் கேட்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்

ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான பி.பி. கிங்கை எடுத்துக்கொள்வோம். 1925இல் மிசிசிப்பியில் பிறந்த அவர், ஒரே நேரத்தில் பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கத் தமக்கு வராது என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தார். ஒரு வரியைப் பாடுவார், நிறுத்துவார், 'லூசில்' என்று அவர் பெயர் வைத்திருந்த கிட்டார் அதற்குப் பதில் சொல்லும். பன்னிரண்டு பார்களில் (தாளச் சுற்றுகளில்) ஒரு வரியைப் பாடி, அதையே மறுபடியும் பாடி, மூன்றாவது வரியில் அதற்கு ஒரு முடிவு சொல்லும் ப்ளூஸ் அமைப்பில், ஒவ்வொரு வரிக்குப் பின்னும் இடம் காலியாக இருக்கிறது. அந்தக் காலியிடத்தில் என்ன வைக்கிறார், எதை வைக்காமல் விடுகிறார் என்பதில்தான் கலைஞரின் கைவண்ணம் தெரியும். கிங்கின் உறவினரான புக்கா வைட் தந்தியின் மேல் உலோகக் குழாயை வழுக்கி வாசிப்பவர். அந்த ஒலியில் மயங்கிய கிங், தமக்கு அந்த முறை கைவராததால், இடக்கை விரலால் தந்தியை அழுத்தியபடியே கையை அதிரவைத்து அந்த ஒலிக்கு நெருங்கினார். அவருடைய அடையாளமாக மாறிய அந்த அதிர்வு இப்படித்தான் பிறந்தது. முப்பது வயதிலும் அவர் குறைவான சுரங்களை வாசித்தவர்தான். எண்பது வயதில் குறைவான சுரங்களை வாசித்ததற்காக அவரைக் குறைசொல்கிறவர், அவர் யார் என்று தெரியாமலே அரங்குக்குள் வந்தவர் என்று தயங்காமல் எழுதலாம்.

ஆனால் ரசிகரும் இதே தவறை மறுபுறத்திலிருந்து செய்யலாம். கிங்கின் மிகப் புகழ்பெற்ற நேரடிப் பதிவு 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் அரங்கில் செய்யப்பட்டது. அப்போது அவருக்கு 39 வயது. அந்தப் பதிவைக் காதில் வைத்துக்கொண்டே 85 வயதுக்காரரின் கச்சேரிக்குப் போன விமர்சகர் ஏமாந்தது போலவே, அந்தப் பதிவைக் காதில் வைத்துக்கொண்டே போன ரசிகர், மேடையில் இல்லாத ஒலியையும் கேட்டுவிட்டு வருவார். நினைவு இட்டுநிரப்பிய சுரங்களைக் கேட்டதாக எழுதாதீர்கள்.

எதிர்பார்ப்பு காதை எப்படி மறைக்கிறது என்பதற்கு வயதோடு தொடர்பில்லாத ஒரு பழைய நிகழ்ச்சியும் இருக்கிறது. 1958இல் சிகாகோவின் ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ் இங்கிலாந்துக்குப் போனார். கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து வாசிக்கும் மெல்லிய கிட்டாரை எதிர்பார்த்திருந்த சில விமர்சகர்களுக்கு, சிகாகோவின் மின்சாரக் கிட்டார் முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. சத்தம் தாங்கவில்லை என்று எழுதினார்கள். அவர் 1963இல் மறுபடியும் வந்தபோது அதை மனத்தில் வைத்து மின்சாரம் இல்லாத கிட்டாரோடு வந்தார். அதற்குள் அங்கே ஓர் இளைய தலைமுறை மின்சாரக் கிட்டாருக்காகக் காத்துக்கொண்டிருந்தது, அவர்களுக்கு ஏமாற்றம். இரண்டு முறையும் மேடையில் இருந்த கலைஞர் ஒருவர்தான். விமர்சனம் எந்த எதிர்பார்ப்பிலிருந்து எழுதப்பட்டது என்று கண்டுபிடித்துச் சொல்வது, மறுப்பு எழுதுகிறவர் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் ஒன்று.

இனி, கேட்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். வேகத்தைக் கேட்காதீர்கள், அது முதலில் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தந்தியை இழுத்துச் சுரத்தை உயர்த்தும் இடங்களைக் கேளுங்கள். நம் காதுக்குக் கமகம் பழக்கம் என்பதால் நமக்கு இது எளிது. ப்ளூஸில் மூன்றாம் சுரம், அதாவது காந்தாரம், சிறிய காந்தாரத்துக்கும் பெரிய காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் நிற்க வேண்டும். அந்த இடத்துக்குப் பியானோவில் எந்தக் கட்டையும் கிடையாது, காதும் விரலும் சேர்ந்துதான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இழுத்த சுரம் மாலை முழுவதும் அந்த இடத்தில் போய் நின்றது என்றால், அந்தக் கலைஞரின் காதும் கையும் இன்னும் பேசிக்கொள்கின்றன என்று பொருள். இழுத்த சுரம் எட்டாமல் கீழேயே தொங்கியது என்றால், விமர்சகர் சொல்வதில் உண்மை இருக்கிறது. இந்த ஒன்றைக் கவனித்து எழுதினாலே, விருதுப் பட்டியல் செய்யாத வேலையை உங்கள் மறுப்பு செய்துவிடும்.

அடுத்தது தாளத்தோடு அவருக்குள்ள உறவு. நல்ல ப்ளூஸ் பாடகர் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து வருவார். வேண்டுமென்றே தாமதித்து, வரியின் கடைசியில் வந்து சேர்ந்துகொள்வார். டிரம்ஸ் வாசிப்பவர் அமைதியாகத் தம் வேலையைத் தொடர்கிறாரா, அல்லது பாடகர் எங்கே வருவார் என்று தெரியாமல் அவரையே பார்த்துக்கொண்டு இருக்கிறாரா என்பதைக் கவனித்தால், அந்தத் தாமதம் கலையா தடுமாற்றமா என்று தெரிந்துவிடும். இசைக்குழுவினர் எங்கே ஒலியைக் குறைத்தார்கள், ஒரு கைச்சாடைக்கு எல்லோரும் ஒன்றாக அடங்கினார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விரல் தளர்ந்தவர்கூட ஒரு பார்வையில் எட்டுப் பேரை ஆட்டிவைக்க முடியும், அதுவும் வாசிப்புதான்.

பேச்சைப் பற்றிய குறை ஏறத்தாழ எல்லா விமர்சனங்களிலும் வரும். மேடையில் கதை சொல்வது ப்ளூஸில் நெடுநாளாக உள்ளது. ஆனால் சொன்ன கதை பாட்டுக்குள் கொண்டுபோய் விட்டதா, அல்லது பாட்டு வரவேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டதா என்ற வேறுபாட்டை நீங்கள் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பற்றி எவ்வளவு பேசலாம்?

வயதாகும்போது குரல்நாண்கள் மெலிந்து, நெகிழ்வு குறைகின்றன. நுரையீரலின் கொள்ளளவும் குறைவதால் நீண்ட சுரம் நடுவில் உடைகிறது, மேல் சுருதி எட்டாமல் போகிறது. ஆகவே முதிய பாடகர்கள் சுருதியைக் கீழே இறக்குகிறார்கள், நீண்ட வரியை இரண்டு மூச்சாகப் பிரிக்கிறார்கள், சில இடங்களைப் பாடாமல் பேசுகிறார்கள். பல பத்தாண்டுகள் ஆம்ப்ளிஃபயர்களின் பக்கத்தில் நின்றவர்களின் காதில் மேல் அதிர்வெண்கள் முதலில் மங்குகின்றன. அப்போது மேடையின் இரைச்சலில் தம் குரலையே பிரித்துக் கேட்பது கடினமாகிறது. மூட்டு வாதம் விரல்களை இறுக்குகிறது. இவை பொதுவாக எல்லோருக்கும் தெரிந்தவை, இவற்றை எழுதலாம். சுருதியை இறக்கியதைத் தோல்வி என்று விமர்சகர் எழுதியிருந்தால், புதிய சுருதியில் பாட்டின் பொருள் எப்படி மாறியது என்று நீங்கள் சொல்லலாம்: காதலி போய்விட்டாள் என்று இளமையில் உயரக் கூவிய வரி, இப்போது தாழ்ந்த குரலில், நடந்து முடிந்த ஒன்றை எடுத்துச் சொல்வதுபோல் வருகிறது. அது அந்த அரங்கில் நடந்தது என்றால் மட்டும் எழுதுங்கள்.

ஆனால் அந்தக் குறிப்பிட்ட கலைஞருக்கு என்ன நோய் என்று நீங்கள் ஊகிக்கக் கூடாது. அவர் மறந்தாரே, அது இந்த நோயாக இருக்குமோ, கை நடுங்கியதே, அது அந்த நோயாக இருக்குமோ என்று அன்பினால் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். விமர்சகர் சொன்னதைவிட அது கொடுமையானது. அவர் ஓர் இரவைத்தான் குறைசொன்னார், நீங்கள் மனிதரையே நோயாளியாக்கிவிடுகிறீர்கள். அவரோ அவர் சார்பில் பேசுகிறவர்களோ வெளிப்படையாகச் சொன்னதை மட்டுமே பயன்படுத்துங்கள்.

2014 ஏப்ரல் 4 அன்று அமெரிக்க நகரமான செயின்ட் லூயிஸின் பீபாடி ஓப்பரா ஹவுஸில் பி.பி. கிங் நடத்திய கச்சேரி இதற்குப் படிக்க வேண்டிய பாடம். அப்போது அவருக்கு 88 வயது. நீண்ட நேரம் பேசினார், எல்லோரும் சேர்ந்து பாடும் ஒரு பழைய பாட்டை இழுத்துக்கொண்டே போனார், கூட்டத்திலிருந்து சிலர் கத்தினார்கள், சிலர் எழுந்து போனார்கள். விமர்சனம் கடுமையாக வந்தது. சில நாள்களில் அவர் தரப்பிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. நீரிழிவு நோய்க்கான மருந்தின் ஒரு வேளையை அவர் தவறவிட்டுவிட்டார், நெடும் பயணத்தின் களைப்பும் சேர்ந்துகொண்டது, அந்த இரவு சரியாக அமையவில்லை, அதற்காக வருந்துகிறார் என்பது அதன் சாரம். விமர்சகரைப் பற்றி அதில் ஒரு கடுஞ்சொல் கிடையாது. நடந்ததை நடக்கவில்லை என்று சாதிக்கவும் இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று சிகாகோவில் மேடையிலேயே அவருக்கு உடல்நலம் குன்றியது. மீதமிருந்த கச்சேரிகள் ரத்தாயின. 2015 மே 14 அன்று அவர் மறைந்தார்.

செயின்ட் லூயிஸ் இரவுக்காகப் பேச வந்த ரசிகர், "அருமையான கச்சேரி, விமர்சகருக்குத்தான் காது கேட்கவில்லை" என்று எழுதியிருந்தால், அந்த அறிக்கை வெளிவந்த நாளில் அவருடைய சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? கலைஞரே ஒப்புக்கொண்ட ஒன்றை ரசிகர் மறுத்து நின்றிருப்பார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஒப்புக்கொண்டு தொடங்கியிருந்தால், அதற்குப் பின் அவர் சொல்லும் எல்லாவற்றுக்கும் வலிமை இருந்திருக்கும். 1956இல் ஒரே ஆண்டில் 342 இரவுகள் மேடையேறிய ஒரு மனிதரின் ஓர் இரவு அது. அந்த ஓர் இரவை வைத்து அவர் என்ன ஆகிவிட்டார் என்று தீர்ப்பு எழுதலாமா என்ற கேள்விதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

பிற முதியவர்களைச் சாட்சிக்கு அழைக்கும்போது

வயது முதிர்ந்த பின் அரிய இசையைத் தந்தவர்கள் ப்ளூஸில் ஏராளம். 1928இல் பதிவுசெய்துவிட்டு மறக்கப்பட்ட பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட், 1963இல் அவலான் என்ற சிற்றூரில் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டபோது எழுபது வயதை எட்டியிருந்தார்; அதன்பின் வாழ்ந்த மூன்று ஆண்டுகளில் அவர் பாடியவற்றை இன்றும் பலர் கேட்கிறார்கள். 1920களில் புகழ்பெற்ற பாடகி ஆல்பர்ட்டா ஹன்ட்டர், இருபது ஆண்டுகள் செவிலியராக வேலைபார்த்துவிட்டு, 1977இல் 82 வயதில் நியூயார்க்கில் மறுபடியும் பாடத் தொடங்கினார். பியானோ கலைஞர் பைன்டாப் பெர்கின்ஸ் 2011இல் கிராமி விருது வாங்கியபோது அவருக்கு 97 வயது. பழைய ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸ் 1964இல் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்டபோது பல ஆண்டுகளாகக் கிட்டாரைத் தொட்டிருக்கவில்லை. அவருடைய பழைய பாடல்களை அவருக்கே நினைவூட்டி மறுபடியும் வாசிக்கவைத்தவர் ஆலன் வில்சன் என்ற இருபது வயது கடந்த இளைஞர். ஒரு ரசிகர் ஒரு முதியவருக்குச் செய்த பேருதவி என்று எனக்கு உடனே நினைவுக்கு வருவது இதுதான்.

இவர்களை உங்கள் மறுப்பில் கொண்டுவரலாம். ஆனால் எதற்கு என்று தெரிந்து கொண்டுவாருங்கள். "எண்பது வயதில் யாராலும் முடியாது" என்று விமர்சகர் பொதுவாக எழுதியிருந்தால், இவர்கள் அதற்கு நேர்ப்பதில். உங்கள் கலைஞர் அந்த இரவில் எப்படி வாசித்தார் என்பதற்கு இவர்கள் யாரும் சாட்சி ஆக மாட்டார்கள்.

விமர்சகரையும் அரங்கையும் பற்றிச் சுருக்கமாக

"நீ வந்து வாசித்துக் காட்டு" என்று எழுதாதீர்கள். விமர்சகரின் வேலை கேட்பது. அவர் சரியாகக் கேட்டாரா என்பது மட்டுமே உங்கள் கேள்வி. அவருடைய வயது, ஊர், முந்தைய கட்டுரைகள் எதுவும் இங்கே தேவையில்லை. அவருடைய வேலையைப் பறிக்கச் சொல்லி ஆசிரியருக்கு எழுதுவதும், நண்பர்களைத் திரட்டி ஒரே நாளில் நூறு கடிதம் அனுப்புவதும் கலைஞரின் பெயரில் செய்யப்படும் அடாவடி. நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவர்களின் சார்பில் அவர் எழுதுகிறார் என்பதையும் மறக்க வேண்டாம்; ஏமாந்ததாக உணர்ந்தவர்கள் நன்றிகெட்டவர்கள் அல்லர்.

ஒலியமைப்பு மோசமாக இருந்தால் அதைச் சொல்லுங்கள், ஆனால் தடயத்தோடு சொல்லுங்கள். பாட்டின் சொற்கள் முன்வரிசையில் தெளிவாகவும் மாடியில் குழம்பியும் கேட்டன என்று இரண்டு இடங்களிலும் இருந்தவர்கள் சொன்னால் அது தடயம். பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் குரலை மூடின என்றால், அது பாடகரின் பலவீனமாகவும் இருக்கலாம், ஒலியைக் கலப்பவரின் கவனக்குறைவாகவும் இருக்கலாம். கைபேசியில் எடுத்த ஒரு நிமிடக் காட்சியை இரு தரப்பும் ஆதாரமாகக் காட்டாமல் இருப்பது நல்லது. அந்தச் சின்ன ஒலிவாங்கி, மெல்லியதையும் உரத்ததையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். ப்ளூஸின் உயிரோ அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது.

கடிதத்தை எழுதும் முறை

இருநூறு, இருநூற்றைம்பது சொற்களுக்கு மேல் போக வேண்டாம். நீளமான கடிதத்தை ஆசிரியர் வெட்டுவார்; வெட்டும்போது உங்கள் சான்றுகள் போய், கோபம் மட்டும் மிஞ்சும். முதலில் விமர்சகரோடு உடன்படும் இடத்தைச் சொல்லுங்கள். அதன்பின் தகவல் பிழை இருந்தால் ஒரே வரியில் திருத்துங்கள். பிறகு, நீங்கள் கேட்டவற்றில் மிகவும் உறுதியான ஒரே ஒரு தருணத்தை எடுத்து, அதை வாசகர் காதால் கேட்கும்படி விரித்து எழுதுங்கள். ஐந்து தருணங்களைப் பட்டியலிட்டால் ஒன்றும் நிற்காது.

பலவீனமான கடிதம் இப்படி இருக்கும்: "அறுபது ஆண்டு இசைத்துறையில் இருக்கும் மாமேதையைப் பற்றி இப்படி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அவருடைய ஒரு சுரத்துக்கு ஈடாகுமா உங்கள் விமர்சனம்? அன்று அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது."

எழுந்து நின்று தட்டிய கைகள் அன்பையும் காட்டும், மரியாதையையும் காட்டும். இசை எப்படி இருந்தது என்பதை அவை காட்டுவதில்லை. இதே இரவைப் பற்றி வேறொரு கடிதம்:

"முதல் மூன்று பாடல்களில் குரல் தடுமாறியது என்று உங்கள் விமர்சகர் எழுதியது உண்மை, பத்தாம் வரிசையிலிருந்து கேட்ட எனக்கும் கவலையாக இருந்தது. ஆனால் அவர் ஆறாவது பாட்டைப் பற்றி எழுதவில்லை. அந்த மெதுவான பாட்டின் இரண்டாம் அடியில் கலைஞர் கையை உயர்த்த, இசைக்குழு ஏறத்தாழ ஒலியே இல்லாத அளவுக்கு அடங்கியது. அவர் பாடாமல், வரியைத் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு கிட்டாரில் ஒரே ஒரு சுரத்தை இழுத்து, அது தானாக அடங்கும்வரை கையை அதிரவிட்டார். வேறு எதையும் வாசிக்கவில்லை. அந்தச் சுரம் சுருதியில் அணுவளவும் பிசகவில்லை. விரல் ஓடவில்லை என்ற தீர்ப்பை எழுதும்போது, ஓடாத விரல் செய்த இந்த ஒன்றையும் வாசகர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்."

இரண்டாவது கடிதத்தில் விமர்சகருக்கும் மரியாதை இருக்கிறது, குறையும் மறைக்கப்படவில்லை. ஆனாலும் அதைப் படிப்பவர் அந்த ஆறாவது பாட்டைக் கேட்காமல் போனோமே என்று நினைப்பார். எழுதி முடித்ததும் ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் உரக்கப் படியுங்கள். "மாமேதை", "சகாப்தம்", "ஈடு இணையற்ற" போன்ற சொற்கள் வரும் இடங்களில் உங்களிடம் சான்று தீர்ந்துபோயிருக்கிறது என்று பொருள். அந்த வாக்கியங்களை எடுத்துவிடுங்கள்.

எழுதாமல் இருக்க வேண்டிய நேரம்

ஆறாவது பாட்டு இல்லாத இரவுகளும் உண்டு. உங்கள் குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் சொல்லும்படியாக ஒரு தருணம் கிடைக்கவில்லை என்றால், மறுப்பு எழுதாதீர்கள். அடுத்த ஊரிலும் அதற்கடுத்த ஊரிலும் இதே செய்தி வந்தால், விமர்சகரைவிட, அந்த உடம்பை அந்தப் பயணத்துக்கு அனுப்புகிறவர்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். எல்லாக் கச்சேரியும் அருமை என்று நாம் எழுதிக்கொண்டே இருந்தால், ஓய்வு தேவைப்படும் ஒருவரை மேடையில் நிறுத்திவைப்பதில் நமக்கும் பங்கு உண்டு. அதே சமயம், எப்போது நிறுத்துவது என்று முடிவுசெய்ய விமர்சகருக்கும் உரிமை இல்லை, நமக்கும் இல்லை. 1936இல் பிறந்த ப்ளூஸ் கிட்டார் கலைஞர் படி கை (Buddy Guy), 86 வயதில், 2023இல் தம் விடைபெறும் சுற்றுப்பயணத்தைத் தாமே அறிவித்துவிட்டுத்தான் கிளம்பினார். "வீட்டில் இருக்கலாமே" என்று அறிவுரை சொல்லும் விமர்சன வரியை மட்டும், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், நான் எதிர்த்து எழுதுவேன். கேட்டதைச் சொல்வது விமர்சகரின் வேலை. ஒரு மனிதர் தம் எஞ்சிய நாள்களை எங்கே கழிப்பது என்பது விமர்சகருக்கு உரிய விஷயம் அன்று.

மறுப்பு எழுத முடியாத இரவுக்குப் பின்னும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கலைஞருக்கே, அவருடைய மேலாளரின் அலுவலகம் வழியாக, கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். விமர்சனத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம். ஆறுதல் சொல்வதுபோல் அதை நினைவூட்டிவிடாதீர்கள். எந்த ஆண்டில், எந்த இசைத்தட்டில், எந்தப் பாட்டின் எந்த இடத்தில் அவர் வாசித்தது உங்களை நிறுத்திக் கேட்கவைத்தது என்று எழுதுங்கள். அவருக்குக் கண்பார்வை மங்கியிருக்கலாம், வேறு யாரோ படித்துக்காட்ட வேண்டியிருக்கலாம். ஆகவே பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.